அம்மோனியா அக்காவின் மொட்டைமாடி

அடுத்தவர் வீட்டுக்குள் போய், அவர்கள் வீட்டுத் தண்ணீரைக் கண்டபடி திட்டிவிட்டு, அதே தண்ணீரில் போட்ட காபியையும் குடித்துவிட்டு வரக்கூடிய ஒரே பிறவி இந்த ஹைதராபாத்தில் எங்கள் அம்மோனியா அக்காதான். வேறு யாராவது இருப்பதாக நீங்கள் சொன்னால் நான் நம்பமாட்டேன். ஊர் ஒன்றைத்தான் தாங்கும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கரண்ட் பில்லில் மட்டும் உயிர்வாழ்ந்தது. குஷாய்குடாவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் தமிழர், தெலுங்கர், குழந்தைகள், காய்கறி வண்டிக்காரர் என்று எல்லோருக்குமே அவர் அம்மோனியா அக்கா. மல்லாபூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் லேபில் தண்ணீர் சோதிக்கும் வேலையில் வருஷக்கணக்காக இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். அக்கா சோதிப்பதை மூடவில்லை.

தூத்துக்குடிக்காரர். ஹைதராபாத்துக்கு வந்து தலை நரைத்த பிறகும் அந்த ஊர்ப் பேச்சு ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அவருடைய கணவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால் ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் உப்பல் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வரவேண்டும். குழந்தைகள் இல்லை. எங்களுக்கு மேல் தளத்தில் குடிவந்தார்கள். சாமான் வண்டியிலிருந்து கட்டிலும் பீரோவும் இறங்குவதற்கு முன்னால் பெரிய பெரிய நீல நிற டிரம்கள் இறங்கின. அவை வீட்டுக்குள் போகவில்லை; நேராக மொட்டைமாடிக்குப் போயின.

எங்கள் அசோசியேஷன் செகரெட்டரி தெலுங்குக்காரர். ஒரு காலத்தில் சென்னையில் வேலை பார்த்திருக்கிறார். அந்த உரிமையில் தமிழர்களிடம் தமிழில்தான் பேசுவேன் என்று அடம்பிடிப்பார். டிரம்களைப் பார்த்ததும் பதறிப்போய் வந்தார்.

"மேடம், இந்த ஏரியாவுல வாட்டர் ப்ராப்ளமே லேது. கைக்கு… எதுக்கு இவ்ளோ டிரம்?"

"மீன் வளக்கப் போறேன்."

"ஓ, அக்வேரியம்! ஹால்ல வைங்களேன் மேடம், பாக்க அழகா இருக்கும்."

"அழகுக்கு இல்ல. மீனும் கீரையும் சேந்து வளரும். மண்ணே வேண்டாம். மீனுக்கு மேல கீரை இருக்கும்."

செகரெட்டரி தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். மீனின் முதுகில் கீரை முளைத்து அது அப்படியே நீந்துவதுபோல் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

விஷயம் அவ்வளவு சிக்கலானது இல்லை. கீழே தொட்டியில் மீன். மீன் கழிக்கும் கழிவில் அம்மோனியா இருக்கிறது. அது சேரச் சேர மீனுக்கே விஷம். அந்தத் தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் மேலே இருக்கும் பாத்திகளுக்கு ஏற்றும். பாத்தியில் மண் கிடையாது, கூழாங்கற்கள். அந்தக் கற்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருந்து, அம்மோனியாவைச் செடிக்கு உரமாக மாற்றும். செடி உரத்தை எடுத்துக்கொள்ளும். சுத்தமான தண்ணீர் திரும்ப மீனுக்கே போகும். தண்ணீர் வீணாவதில்லை, உரம் வாங்குவதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? எனக்கும் முதல் தடவை நன்றாகத்தான் இருந்தது. இதையே அக்கா மாடிப்படியில், லிஃப்டில், பால் பாக்கெட் எடுக்கிற இடத்தில், ஒரு தடவை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் என்று எல்லா இடத்திலும் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்திலும் அம்மோனியா வந்தது. பெயரும் வந்துவிட்டது.

அந்த நுண்ணுயிர்களை அக்கா 'பயலுவ' என்பார்.

"பயலுவ இன்னும் வேலைக்கு வரல. தொட்டிய ஓட்டி இத்தன நாளாச்சு. குளிருதோ என்னமோ, மெதுவாத்தான் வருவானுவ" என்று அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது செகரெட்டரி காதில் விழுந்துவிட்டது. மறுநாள் காலை அவர் அக்காவின் வாசலில் நின்றார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. டெரஸ்ல லேபர் தங்கறதுக்கு ரூல் இல்ல."

"லேபரா? யாரு?"

"உங்க பசங்கதான் மேடம். எத்தன பேரு வராங்க? எல்லாருக்கும் ஆதார் ஜெராக்ஸ் வேணும்."

அக்கா சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே குறைவு. "கோடிக்கணக்குல வருவானுவ. ஜெராக்ஸ் எடுக்க நீங்களே வாங்க" என்று கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து அண்ணாச்சி சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் நெடுநேரம் நிற்கவில்லை.

பயலுவ வரத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. மீன் விடுவதற்கு முன்பே தண்ணீரில் கொஞ்சம் அம்மோனியா சேர்த்தால்தான் அவை பெருகும். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், ஒருநாள் காலை அக்கா கையில் காலி பாட்டிலோடு எங்கள் கதவைத் தட்டியபோது அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

"ஒங்க பாப்பாவோட ஒண்ணுக்கு கொஞ்சம் வேணும்."

"எதுக்குக்கா?"

"அம்மோனியாவுக்கு. கடையில கெடைக்கதுல சோப்பு கலந்திருக்கானுவ, மீனு செத்துரும். பிள்ளையளோடது சுத்தம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டே, "ஏங்கா, உங்க வீட்டுலயே…" என்று இழுத்தேன்.

"எனக்கு பிரஷர் மாத்திரை ஓடுது, அது சேரக்கூடாது. அவியளுக்கு அது நின்னே போச்சுல்லா" என்றார் அக்கா, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல. பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றேன்.

அந்தக் குடும்பத்தோடு பழகுவது எப்போதும் இப்படித்தான். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பிப்போம். பாதியில் எங்கோ இடிக்கும்.

ஒருவழியாகத் தண்ணீர் தயாராகி, மீன்குஞ்சுகள் ஆக்ஸிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் ஆட்டோவில் வந்து இறங்கின. தூத்துக்குடிப் பக்கம் அந்த மீனுக்கு ஜிலேபி என்று பெயர். அக்கா மகிழ்ச்சி தாங்காமல் மாடிப்படியில் நின்று, "ஜிலேபி வந்துட்டு! எல்லாரும் மாடிக்கு வாங்க!" என்று குரல் கொடுத்தார். தமிழே புரியாத வீடுகளுக்குக்கூட அந்த ஒரு சொல் புரிந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது மொட்டைமாடியில் கட்டடமே கூடியிருந்தது. பாதிப் பேர் கையில் தட்டு. என் மகள் தன்னுடைய டிபன் டப்பாவைக் கொண்டுவந்திருந்தாள். தொட்டிக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, "மம்மி, ஜிலேபி கஹான் ஹை? ஏ தோ மச்லி ஹை" என்று, ஜிலேபி எங்கே, இது மீனாச்சே என்று பள்ளிக்கூட இந்தியில் அழ ஆரம்பித்தாள். செகரெட்டரியின் மனைவி தன் தட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, மீன் பார்க்கத்தான் வந்ததுபோல் வெகுநேரம் மீனையே பார்த்தார்.

அன்று அண்ணாச்சியும் வந்திருந்தார். கைத்தாங்கலாகப் படியேற்றிக் கூட்டிவந்தார்கள். மெலிந்த உடம்பு, வீங்கிய கால், ஊசி குத்திக் குத்தித் தடித்த முழங்கை. தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மோட்டாரைக் காட்டி, "இதான் மெஷினா?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க வீட்டுல இப்ப ரெண்டு தொட்டி, பாத்தியளா. ஒண்ணு இது, இன்னொண்ணு நான். ரெண்டையும் மெஷின வச்சுத்தான் சுத்தம் பண்ணுதா. இதுக்கு மட்டும் வேணும்கிற மட்டும் தண்ணி" என்றார்.

"சும்மா இருங்க" என்றார் அக்கா.

அண்ணாச்சிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் கட்டுப்பாடு வைத்திருந்தார். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராது. அதிகமானால் நுரையீரலில் போய்ச் சேரும். காபி, மோர், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். அக்கா அளவுச் சாடியில்தான் ஊற்றுவார். லேபில் பழகிய கை. ஒரு சொட்டு கூடாது, குறையாது.

அதன்பிறகு தொட்டி ஓடத்தொடங்கி, கீரை வந்தது. வந்தது என்றால் சாதாரணமாக வரவில்லை. பாலக் இலை ஒவ்வொன்றும் யானைக் காது மாதிரி. தக்காளி, வெண்டை, புதினா. அக்கா கூடையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்புவார். முதலில் எல்லோரும் மகிழ்ந்தோம். போகப் போக, அவர் காலடிச் சத்தம் கேட்டால் டிவியை அணைத்துவிட்டு ஊருக்குப் போனவர்கள்போல் இருக்கத் தொடங்கினோம். வாட்ச்மேன் சுவர் ஏறிக் குதித்ததைக்கூட நான் பார்த்தேன். கீரையைக் கொடுத்த கையோடு அக்கா தன் சோதனைப் பெட்டியைத் திறந்துவிடுவார் என்பது இன்னொரு பயம். சின்னக் கண்ணாடிக் குழாயில் உங்கள் வீட்டுத் தண்ணீரை நிரப்பி, மருந்தை இரண்டு சொட்டு விட்டுக் குலுக்குவார். மஞ்சளாகவே நின்றால் பிழைத்தீர்கள். பச்சையானால் அம்மோனியா; தொலைந்தீர்கள். ஒரு கிரகப்பிரவேசத்தில், புரோகிதர் கலசத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அக்கா தன் குழாயைத் தூக்கிப் பிடித்து, "பச்ச! பச்ச!" என்று கத்தினார். வீட்டுக்காரர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன். "அக்கா, இவ்வளவு கீரையை ஊருக்கே கொடுக்கறீங்களே, நீங்க வீட்டுக்கு எடுத்துக்கறதில்லையா?"

"அவிய கீர திங்கக்கூடாது. தக்காளியும் கூடாது. பொட்டாசியம் ஏறிரும். ரத்தத்துல அது ஏறுனா நெஞ்சு நின்னுரும்."

"அப்ப எதுக்குக்கா இதெல்லாம்?"

"மீனுக்கு" என்றார். "அவியளுக்கு மீனுன்னா உசுரு. நல்ல மீனு அளவாத் திங்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. கடையில ஐஸுல கெடக்குறத எப்படி நம்பிக் கொடுக்க? என்னென்ன தண்ணியில வளந்துச்சோ! இது நான் பாத்து வளத்த தண்ணி. கீர இல்லாட்டா தண்ணி சுத்தமாவாது. அதான் போடுதேன். வளந்தத எறியவா முடியும்? நீங்க தின்னுங்க."

ஒரு மனிதருக்கு எப்போதாவது ஒரு துண்டு மீன் கொடுப்பதற்காக ஒரு கட்டடத்தையே கீரை தின்ன வைத்துக்கொண்டிருந்தார் அவர்.

ஆனால் அந்த ஒரு துண்டும் நடக்கவில்லை. உப்பல் போகாத நாட்களில் அண்ணாச்சி வெயில் தாழ்ந்ததும் மாடிக்கு வந்துவிடுவார். தொட்டியோரம் உட்கார்ந்து மீன்களோடு பேசுவார். ஒவ்வொன்றுக்கும் தன் பழைய அலுவலகத்து ஆட்களின் பதவியைப் பெயராக வைத்தார். பெரிதாக, யாரையும் கிட்டே வரவிடாமல் தீனியைத் தின்பது ஜெனரல் மேனேஜர். மூலையில் சும்மா கிடப்பது விஜிலன்ஸ். எப்போதும் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது யூனியன் லீடர். கைப்பிடி அளவு மீன் வளர்ந்துவிட்டது, ஒன்றைப் பிடிக்கலாம் என்று அக்கா வலையோடு வந்த அன்றைக்கெல்லாம் அண்ணாச்சி ஏதாவது சாக்கு வைத்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் வளரட்டும், ஏட்டி."

"போன மாசமும் இதத்தான் சொன்னிய."

"ஜெனரல் மேனேஜர எப்படிட்டி குழம்பு வைக்க? நாளைக்கு எனக்கு பென்ஷன் வராது."

அந்தக் கோடையில்தான் அது நடந்தது. உச்சி வெயில். தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போய்விட்டது. அக்கா மோட்டாருக்கு வைத்திருந்த பேட்டரியும் கொஞ்ச நேரத்தில் உயிரை விட்டது. அக்காவும் அண்ணாச்சியும் உப்பலில் இருந்தார்கள். துணி எடுக்க மாடிக்குப் போன நான், மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்தேன். ஜெனரல் மேனேஜர் முதல் விஜிலன்ஸ் வரை ஒரே வரிசை. போன் செய்தேன்.

"மூச்சு முட்டுது அதுகளுக்கு!" என்று அலறினார் அக்கா. "தண்ணி ஓடாம காத்து கலக்கல. மொண்டு மொண்டு ஊத்துங்க! ஒசரத்துல இருந்து ஊத்துங்க! தண்ணி நொரைக்கணும். நான் இப்ப வரமுடியாது, இவிய மெஷின்ல இருக்காவ."

நான் போட்ட கூச்சலில் முதலில் வந்தவர் செகரெட்டரி. அந்தத் தொட்டியை மாடியிலிருந்து அகற்ற வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வாளியை எடுத்தார். அவர் மனைவி, வாட்ச்மேன், எதிர் பிளாட் டீச்சர், யார் யாரோ வந்தார்கள். வீட்டுக்கு ஒரு சொம்பு. போனை ஸ்பீக்கரில் போட்டுத் துணிக்கொடியில் தொங்கவிட்டிருந்தேன். அதிலிருந்து அக்கா படை நடத்தினார்.

"இன்னும் ஒசரம்! சத்தம் கேக்கல எனக்கு!"

"மேடம், இவ்ளோ ஹைட்லேர்ந்து ஊத்தினா மீன் தலையில வலிக்காதா?" என்று செகரெட்டரி கேட்டார்.

"ஒங்க தலையில ஊத்தப் போறேன் வந்து! ஊத்துங்கய்யா!"

"ஹவ் மேடம், ஹவ்" என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டார் அவர்.

நடுவில் அண்ணாச்சியின் குரல் தள்ளி எங்கிருந்தோ கேட்டது. "அவங்கள ஏசாத, ஏட்டி. கை வலிக்கும்லா… யூனியன் லீடர் எப்படி இருக்காருன்னு கேளு."

தோள் கழன்றுவிடும் போலிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. செகரெட்டரி மூச்சு வாங்கிக்கொண்டு தொட்டி விளிம்பில் சாய்ந்தார். மீனும் அவரும் ஒரே மாதிரி வாயைத் திறந்து மூடினார்கள். அவர் மனைவி பாதித் தண்ணீரை அவர் மேல் ஊற்றினார். கரண்ட் வந்து மோட்டார் முனகத் தொடங்கியபோது எல்லோரும் கைதட்டினோம். ஒரு மீன்கூடச் சாகவில்லை.

சாயங்காலம் அக்கா வந்தார். அண்ணாச்சியைக் கீழே படுக்கவைத்துவிட்டு நேராக மாடிக்கு வந்து தொட்டியைப் பார்த்தார், சோதனைக் குழாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நாங்கள் தலையைக் கோதிக்கொண்டோம்.

"தக்காளிச் செடிய மிதிச்சது யாரு?" என்றார்.

அதோடு மீன்குழம்பு என்ற பேச்சே முடிந்துவிட்டது. "கட்டடமே சேந்து காப்பாத்துன உசுரு. அத எப்படித் திங்க? எனக்கு ரசஞ்சோறு போதும்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கோபம். யாருக்காக இவ்வளவும், யாருக்காக இவ்வளவும் என்று படியிறங்கும்போது முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மழைக்காலத்தில் அண்ணாச்சி இறந்துபோனார். விடிந்ததும் மூச்சுத் திணறல் வந்து, ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம்தான். தூத்துக்குடியிலிருந்து உறவினர்கள் வந்தார்கள், காரியங்கள் முடிந்தன, போனார்கள். அக்காவின் தங்கை கூடவே வரச்சொல்லிக் கூப்பிட்டார். அக்கா வரமாட்டேன் என்று சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். மாடிக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. செடிகளை அறுக்க ஆளில்லாமல் கீரை முற்றிப் பூத்தது. மீன்களுக்குத் தீனி போடுவது யார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, செகரெட்டரி அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பிரெட். மத்தியானம் சப்பாத்தி. அவர் மைத்துனன் வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய பூந்தி. "அதுக்கும் துக்கம் இருக்கும்ல மேடம்? பாவம், டெய்லி பேசற ஆளு வரல" என்று பிறகு என்னிடம் சொன்னார். மீன்கள் முடிந்தவரை தின்றன. தின்னாதது அடியில் கிடந்து அழுகியது.

ஒரு காலையில் மாடிக்கதவைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. எல்லாமே. தண்ணீர் பால்போலக் கலங்கியிருந்தது.

போய் அக்காவிடம் சொன்னேன். எழுந்து வந்தார். செகரெட்டரி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார், அடிவாங்கக் காத்திருக்கும் பையனைப்போல. அக்கா தொட்டியருகே போய் குனிந்து மோந்து பார்த்தார். சோதனைப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது; அதைத் தொடவில்லை.

"தீனி போட்டியளா?"

"ஹவ் மேடம்" என்றார் செகரெட்டரி. "கொஞ்சம்தான். கொஞ்சம் கொஞ்சமா… நிறைய."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்காவின் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். திட்டாத அக்காவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"போறதுக்கு முந்துன நாள் சாயங்காலம்," என்றார், எங்கள் இருவரில் யாரையும் பார்க்காமல், "அவிய ஒரு டம்ளர் தண்ணி கேட்டாவ. நாக்கு வறளுது, ஒரே ஒரு டம்ளர் முழுசாத் தாட்டின்னாவ. இன்னைக்கு அளவு முடிஞ்சு போச்சு, காலையில தாரேன்னேன்."

"மேடம், டாக்டர் சொன்னதுதானே நீங்க செஞ்சீங்க…"

"ஆமா. சரியாத்தான் செஞ்சேன்." தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறுபடி கேக்கவே இல்ல அவிய. சரிட்டின்னு திரும்பிப் படுத்துக்கிட்டாவ. நீங்க அதுக கேக்காமலே போட்டிய. அவிய கேட்டும் நான் கொடுக்கல."

செகரெட்டரி அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் மொட்டைமாடியில் நின்று, தமிழிலும் இல்லாமல் தெலுங்கிலும் இல்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டு அழுதார். அக்கா அழவில்லை. வலையை எடுத்து ஒவ்வொன்றாக மீன்களை வெளியே எடுத்தார். செகரெட்டரி தன் கையாலேயே காம்பவுண்டு ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தார். வாட்ச்மேனை மண்வெட்டியைத் தொடவிடவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. அக்கா வெளியே வந்தார், கடைக்குப் போனார், எதிரே பார்த்தால் தலையசைத்தார். யார் வீட்டுத் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. செகரெட்டரி தாங்கமாட்டாமல் ஒருநாள் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றார். "மேடம், கொஞ்சம் மஞ்சளா தெரியுது. டெஸ்ட் பண்றீங்களா?"

"நல்லாத்தான் இருக்கும். குடிங்க" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்.

செகரெட்டரி பாட்டிலோடு என் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து, "போச்சு மேடம்" என்றார்.

நாங்கள் மறந்துபோன ஒன்று மாடியில் இருந்தது. ஜிலேபி மீன் விடாமல் குஞ்சு பொரிக்கிற ஜாதி. பெரிய மீன்கள் தின்றுவிடாமலிருக்க அக்கா எப்போதோ கொஞ்சம் குஞ்சுகளைப் பிரித்து, கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தனி டிரம்மில் விட்டிருந்தார். செகரெட்டரி கண்ணில் அது படவில்லை, அதனால் பிழைத்தன. பாசியைத் தின்றுகொண்டு விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தன. பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் டிரம்மை நகர்த்தச் சொன்னபோதுதான் தெரியவந்தது. அக்காவை மேலே கூப்பிட்டோம். அவர் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

செகரெட்டரி பழைய பாவத்தைக் கழுவும் வழி கிடைத்துவிட்டதுபோல் முன்னால் வந்தார். "மேடம், நீங்க கஷ்டப்பட வேணாம். நான் எல்லாத்தையும் பக்கெட்ல எடுத்துட்டுப் போய் பக்கத்து ஏரில விட்டுடறேன். ஃப்ரீயா இருக்கட்டும்."

அக்கா மெதுவாகத் திரும்பினார்.

"ஏரியிலயா?"

"ஹவ் மேடம்…"

"ஜிலேபிய ஏரியில விட்டா என்னாவும் தெரியுமாய்யா ஒமக்கு? இருக்க இடத்தையெல்லாம் பிடிச்சிரும்! ஏரியில ஏற்கெனவே இருக்க மீனு எங்க போவும்? புண்ணியம்னு நெனச்சு ஊரையே கெடுக்கப் பாக்கீரே! அறிவு வேண்டாமா ஒரு மனுசனுக்கு? பிரெட்டு! பூந்தி! மீனுக்கு எவனாவது பூந்தி போடுவானா?"

அத்தனை நாள் தேங்கியிருந்தது ஒரேயடியாக வந்தது. செகரெட்டரி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. பெயிண்டர்கள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்கள். திட்டி முடித்த அக்கா டிரம்மின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு தோள்கள் குலுங்கின. அண்ணாச்சி போனதிலிருந்து அவர் அழுது நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. செகரெட்டரியின் மனைவி போய் அவரைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. இப்போது மாடியில் ஒரே ஒரு தொட்டி ஓடுகிறது. மீன்களுக்குப் பெயர் கிடையாது. பாத்தியில் இருப்பதை யாருக்கு வேண்டுமோ அவர்களே வந்து பறித்துக்கொள்ளலாம்; அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. உப்பல் போகவேண்டிய நாள் வந்தால் காலையிலேயே குளித்துத் தயாராகி, பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்துவிடுவதாக ஒருமுறை சொன்னார்.

நேற்றுச் சாயங்காலம் மேலே போனேன். மழை விட்டிருந்தது. அக்கா கைப்பிடிச் சுவரோரத்துச் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, கீரை வேணுமா?"

"வேண்டாங்கா."

"தண்ணி எதுவும் பாக்கணுமா?"

"இல்லக்கா. சும்மாதான் வந்தேன்."

சும்மா வருவதற்கும் ஒருத்தியா என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு, எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.